‘சுலபம்’ என்று போட்டிருந்தார்கள்: டெவில்ஸ் பஞ்ச் பௌலும் தர்ஸ்லியும், ஒரு சனிக்கிழமை

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் அதோடு போய்விடலாம். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஹைண்ட்ஹெட் மேட்டின் விளிம்பில் நடப்பதற்கு ஐந்துக்கு ஐந்து. அங்கிருந்து டெவில்ஸ் பஞ்ச் பௌல் என்ற பள்ளத்துக்குள் இறங்கி மறுபடி ஏறுவதற்கு, வீட்டுப் பெரியவர்களும் கூட வருகிறார்கள் என்றால், இரண்டு. பக்கத்திலிருக்கும் தர்ஸ்லி சதுப்பின் பலகைப் பாதைக்கு நாலரை. அரை மார்க்கை வெயிலில் ஒதுங்க நிழல் இல்லாததற்காகக் குறைத்தேன். முதலிரண்டையும் ஒரே சுற்றாகக் கோத்து, ‘சுலபம், குடும்பத்தோடு போகலாம், இரண்டு மணி நேரம்’ என்று காட்டிய கைபேசிச் செயலிக்கு என்ன கொடுப்பது என்றுதான் பிடிபடவில்லை. அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. எல்லாச் செயலிகளும் ஏறக்குறைய அப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

போனது நாலு பேர். நான், வீட்டுக்காரர், ஒன்பது வயதுப் பையன், அப்புறம் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருக்கும் என் மாமியார். அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. வந்து நாலு மாதம் ஆகிறது. வோக்கிங்கில் எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டிகள் தெரியும். எந்த வாரம் எந்த நிறத் தொட்டியை வெளியே வைக்க வேண்டும் என்று இப்போது என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். லண்டனைச் சுற்றிக் காட்டியாயிற்று. “எல்லாம் கட்டடமால்லா இருக்கு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பொதிகை மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவரிடம் பிக் பென்னைக் காட்டினால் வேறென்ன சொல்வார்?

ஆகஸ்ட் மாதம் ஹெதர் பூக்கும், மேடு முழுக்க ஊதாவாக இருக்கும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை, புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

காரில் போகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. லண்டனிலிருந்து போர்ட்ஸ்மத் போகும் ஏ3 சாலை இந்த மேட்டுக்கு அடியில் சுரங்கப்பாதையில் போகிறது. வடக்கிலிருந்து வந்தால் சுரங்கத்தை முழுதாகக் கடந்து, தெற்கு வாயில் பக்கம் வெளியேறி, திரும்பி மேலே ஏற வேண்டும். அதாவது நாம் நடக்கப்போகும் மலைக்கு அடியிலேயே முதலில் காரில் போய் வந்துவிடுகிறோம். சுரங்கத்தின் நீளம் 1.83 கிலோமீட்டர், 2011 ஜூலையில் திறந்தார்கள். அதற்கு முன்னால் சாலை பள்ளத்தின் விளிம்பை ஒட்டியே போனதாம். லண்டனுக்கும் போர்ட்ஸ்மத்துக்கும் நடுவே, போக வர நடுவில் பிரிப்பில்லாத ஒற்றைச் சாலையாக மிஞ்சியிருந்தது அந்தத் துண்டு மட்டும்தான், எப்போதும் வண்டி வரிசை. சுரங்கம் வந்ததும் பழைய தாரைப் பெயர்த்தெடுத்து, மண் நிரப்பி, புல்லும் ஹெதரும் விதைத்துவிட்டார்கள். சாலையை அகலப்படுத்தப் புளியமரங்களை வெட்டித்தான் எனக்குப் பார்த்துப் பழக்கம். சாலையை எடுத்துவிட்டுச் செடி வளர்த்த இடத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கால் வைத்தேன்.

ரயிலில் வருகிறவர்கள் லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து ஹேசில்மியரில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் ஹைண்ட்ஹெட்டுக்கு வரலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் பேருந்து நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

இடம் நேஷனல் டிரஸ்ட்டைச் சேர்ந்தது, இயற்கையையும் பழைய கட்டடங்களையும் காக்கிற அறக்கட்டளை அது. கார் நிறுத்தத்தை ஒட்டி ஒரு சிற்றுண்டிக் கடையும் கழிப்பறையும் இருக்கின்றன. அங்கேயே போய்விட்டு வந்துவிடுங்கள், நடக்கும் வழியில் எங்கும் கிடையாது. கடையிலிருந்து நூறு, இருநூறு அடி வைத்ததும் விளிம்பு வந்துவிடுகிறது. காலடியில் பெரிய கிண்ணம்போல ஒரு பள்ளம், சரிவெல்லாம் ஊதாவும் பச்சையும், அடியில் அடர்ந்த மரக்கூட்டம். டெவில்ஸ் பஞ்ச் பௌல், சாத்தானின் பானக் கிண்ணம். சாத்தான் மண்ணை அள்ளி எறிந்ததால் விழுந்த குழி என்று ஊர்க்கதை சொல்கிறது. உண்மையில் இது தண்ணீர் செய்த வேலை. மேலே மணற்கல், கீழே களிமண். மழைத்தண்ணீர் மணற்கல் வழியாக ஊறி இறங்கி, களிமண்ணைத் தொட்டதும் மேற்கொண்டு போக வழியில்லாமல் ஊற்றாகப் பக்கவாட்டில் வெளியே வருகிறது. வரும்போது கல்லின் அடியை அரித்துவிடுகிறது, அதனால் மேலே இருப்பது சரிகிறது. இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று ஏறக்குறைய நூறு மீட்டர் ஆழத்துக்குக் கிண்ணமாகிவிட்டது.

அத்தை ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு குனிந்து ஹெதர்ச் செடி ஒன்றைப் பறிக்காமல் கையால் கோதிப் பார்த்தார்.

ஹெதரைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். முழங்கால் உயரச் செடி. தண்டு மெல்லிசு, ஆனால் கம்பி மாதிரி விறைப்பு. இலை என்று தனியாகத் தெரியாது, தண்டை ஒட்டிச் செதில் செதிலாக இருக்கிறது. பூ அரிசிமணி அளவுதான், ஒரு கிளையில் நூறு பூ இருக்கும். தள்ளி நின்று பார்த்தால்தான் அது ஊதா. கிட்டே போனால் இளஞ்சிவப்பும் பழுப்புமாகப் பிரிந்துவிடுகிறது. இதில் பெல் ஹெதர் ஜூலையிலேயே தொடங்கிவிடும், பூவும் கொஞ்சம் பெரிது, நிறமும் அழுத்தம். மேட்டை மூடிக் கிடப்பது லிங் என்கிற சாதா ஹெதர், அது ஆகஸ்டில். குறிஞ்சிக்குப் பன்னிரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். இது வருடம் தவறாமல் பூக்கிறது, அதனாலோ என்னவோ அதைச் சுற்றி அவ்வளவு ஆரவாரம் இல்லை.

“ஏம்மா, இத இப்படியே விட்டா வச்சிருக்கான்?” என்றார் அத்தை. “வாரியல் கட்டினா எத்தனை கட்டு ஆகும் பாத்துக்கோ!”

எங்கள் பக்கத்தில் துடைப்பத்துக்கு வாரியல் என்றுதான் பேர். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால் சிரித்ததுதான் தப்பு. இந்தப் பள்ளத்துக்குள் குடியிருந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்கச் செய்த தொழிலே அதுதான். பிர்ச் மரக் குச்சியும் ஹெதரும் வெட்டி, கட்டி, சுற்று ஊர்களில் விற்றிருக்கிறார்கள். அவர்களுக்கு ‘புரூம் ஸ்கொயர்’ என்று பாதி கேலியாக ஒரு பட்டம், வாரியல் ஜமீன்தார் என்று வைத்துக்கொள்ளலாம். செடியைத் தொட்ட அரை நிமிடத்தில் அத்தை கண்டுபிடித்தது, எனக்கு ஒரு சாயங்காலப் படிப்பாயிற்று.

ஹீத் என்று இவர்கள் சொல்லும் நிலம் காடும் இல்லை, புல்வெளியும் இல்லை. மணல்மண், சத்தில்லாத புளிப்பு மண். ஒருகாலத்தில் இங்கே மரங்கள்தான் இருந்தன. ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் மனிதர்கள் வெட்டித் திறந்து, மாடும் ஆடும் மேய்த்து, விறகுக்கும் கூரைக்கும் செடிகளை அறுத்து, அப்படியே திறந்தவெளியாக வைத்திருந்தார்கள். திணை சொல்லச் சொன்னால் நான் முல்லை என்பேன். மேய்ச்சலால் உண்டான நிலம், மேய்ச்சல் நின்றால் அழிகிற நிலம். நாலைந்து வருடம் கவனிக்காமல் விட்டால் பிர்ச்சும் பைனும் முளைத்துவிடும். 1800இல் இங்கிலாந்தில் இருந்த தாழ்நில ஹீத்தில் ஐந்தில் நாலு பங்கு இப்போது இல்லை. அதனால் இங்கே இயற்கையைக் காப்பாற்றுகிறவர்கள் மரக்கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். மரம் நடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் ஊர்வலம் போன என் தலைமுறைக்கு இது ஜீரணமாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

மேய்க்கிற வேலைக்கு இப்போது ஹைலேண்ட் மாடுகளையும் எக்ஸ்மூர் குதிரைகளையும் விட்டிருக்கிறார்கள். மாடுகள் இரண்டு பாதைக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தன. கண்ணை மறைத்து நெற்றிமயிர் தொங்குகிறது, கொம்பு இரண்டு பக்கமும் கையை விரித்த அகலம். பையன் என் பின்னால் ஒளிந்துகொண்டான். அத்தை பக்கத்தில் போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “மடி சின்னது. பாலுக்கு ஆகாது” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். (நீங்கள் அப்படிப் போகாதீர்கள். கன்று இருந்தால் தள்ளியே போங்கள்.)

விளிம்பிலிருந்து பழைய வண்டிப்பாதை கிப்பட் ஹில் என்ற உச்சிக்குப் போகிறது. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான், ஏற்றம் இருப்பதே தெரியாது. சுலபம் என்ற சொல் இதுவரைக்கும் முழு உண்மை. பாதை அகலம், மண் இறுகியிருக்கிறது, எதிரே சக்கர நாற்காலி ஒன்றும் குழந்தை வண்டிகள் மூன்றும் வந்தன. சேலையைத் தூக்கிச் செருகி, நடைக்கென்று வாங்கிய ஷூவும் என் பழைய கம்பளிச் சட்டையும் போட்டுக்கொண்டு அத்தை எங்களுக்கு முன்னால் போனார்.

வழியில் ஒரு கல் நிற்கிறது. 1786 செப்டம்பர் 24ஆம் தேதி, கப்பலில் சேருவதற்காக போர்ட்ஸ்மத்துக்கு நடந்துகொண்டிருந்த மாலுமி ஒருவனை இங்கே மூன்று பேர் கொன்றுபோட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள். கொஞ்சம் முன்னால்தான் தர்ஸ்லியில் ஒரு மதுக்கடையில் அவர்களுக்கும் சேர்த்து அவனே காசு கொடுத்திருக்கிறான். அன்றைக்கே அவனுடைய துணிமணியை விற்கப் போய் அவர்கள் மாட்டிக்கொண்டார்கள். மறு வருடம் ஏப்ரலில் தூக்கிலிட்டு, சாலையில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி உச்சியில் சங்கிலியில் தொங்கவிட்டார்கள். அந்த மேட்டுக்கு அதனால்தான் கிப்பட், அதாவது தூக்குமரம், என்று பெயர். மாலுமி யார், எந்த ஊர், பேர் என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தர்ஸ்லி தேவாலயத்தில் ஊரார் காசு போட்டுப் புதைத்தார்கள். கல்லை நட்டவர் அந்தப் பக்கத்து மில்காரர். பின்பக்கத்தில், இந்தக் கல்லை உடைப்பவனும் அகற்றுபவனும் சபிக்கப்படட்டும் என்று வெட்டி வைத்திருக்கிறது.

பையன் முழுவதையும் படித்து ஆச்சிக்குச் சொன்னான். அத்தை செருப்பைக் கழற்றப் போவது மாதிரி ஷூவைப் பார்த்தார், நாடாவை அவிழ்க்க வேண்டுமே என்று விட்டுவிட்டுக் கும்பிட்டார். “நம்ம ஊர்னா இந்நேரம் பீடம் போட்டு, வருசா வருசம் கொடை நடத்தியிருப்பாங்க” என்றார். நூற்றுக்கு நூறு உண்மை. திருநெல்வேலிப் பக்கத்தில் சுடுகாட்டு ஓரத்திலும் குளத்தங்கரையிலும் நிற்கிற சாமிகளில் பாதிப்பேர் இப்படி வழியில் வெட்டுப்பட்டவர்கள்தானே. இங்கே பீடத்துக்குப் பதிலாக, 1851இல் வில்லியம் எர்ல் என்ற நீதிபதி உச்சியில் ஒரு கருங்கல் சிலுவை நட்டார். கொலைக்கும் தூக்குக்கும் பயந்து ஜனங்கள் அந்தப் பக்கம் போகாமல் இருந்தார்களாம், அந்தப் பயத்தைப் போக்குவதற்கு. நாலு பக்கமும் லத்தீன் எழுத்து. ஒரு பக்கத்தில் ‘இருளுக்குப் பின் ஒளி’ என்று அர்த்தம்.

கிப்பட் ஹில்லின் உயரம் 272 மீட்டர், சர்ரேயில் இரண்டாவது உயரம். முதலாவது லீத் ஹில். பாபநாசம் பக்கம் போனவர்களுக்கு இது ஒரு உயரமே இல்லை, ஆனால் சுற்றிலும் தாழ்ந்த நிலம் என்பதால் கண் வெகுதூரம் போகிறது. வானம் சுத்தமாக இருந்தால் லண்டன் கோபுரங்கள் தெரியும். எங்களுக்கு வடகிழக்கில் ஒரு சாம்பல் கோடுதான் தெரிந்தது. ‘அதுதான் லண்டன்’ என்று வீட்டுக்காரர் உறுதியாகச் சொன்னார். சரி என்று விட்டோம்.

இந்த மேடு பொதுச்சொத்தான கதையும் நன்றாக இருக்கும். இதன் முன்னாள் சொந்தக்காரர் விட்டேக்கர் ரைட் என்ற நிதி வியாபாரி. பங்குச்சந்தையில் ஊரை ஏமாற்றிச் சம்பாதித்து, இங்கிருந்து சில மைல் தள்ளித் தன் மாளிகைத் தோட்டத்து ஏரிக்கு அடியில் கண்ணாடிக் கூரை போட்டு ஒரு அறை கட்டிக்கொண்டவர். தலைக்கு மேல் மீன் நீந்த, உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்க. 1904இல் ஏழு வருடத் தண்டனை விதித்த கையோடு, லண்டன் நீதிமன்றக் கட்டடத்திலேயே சயனைடு சாப்பிட்டுச் செத்தார். சொத்து ஏலத்துக்கு வந்தபோது உள்ளூர்க்காரர்கள் பணம் திரட்டி இந்த நிலத்தை வாங்கி, 1906இல் நேஷனல் டிரஸ்ட்டிடம் ஒப்படைத்தார்கள். டிரஸ்ட்டைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ராபர்ட் ஹண்டர் பக்கத்து ஹேசில்மியரில்தான் குடியிருந்தார். இல்லையென்றால் அந்த விளிம்பில் இன்றைக்கு வரிசையாகப் பங்களாக்கள் நின்றிருக்கும்.

இதோடு திரும்பியிருக்கலாம். திரும்பியிருக்க வேண்டும்.

செயலி, இடதுபக்கம் இறங்கு என்றது. நீலக்கோடு பள்ளத்துக்குள் வளைந்து வளைந்து அழகாகப் போனது. கோட்டில் ஏற்ற இறக்கம் தெரியாது என்கிற சின்ன விஷயத்தை நான்கு பேரில் யாரும் யோசிக்கவில்லை. இறங்கும்போது அருமையாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மேலே இருந்த வெயிலும் காற்றும் பத்து நிமிடத்தில் நின்றுவிட்டன. ஓக், பீச், ஹாலி மரங்கள். கிளைகளில் பாசி, பாசியில் குட்டிப் பெரணி. ஊற்றுத்தண்ணீர் சேர்ந்து ஒரு சின்ன ஓடையாகப் போகிறது. தண்ணீர் அடியில் மணல் தெரியும் அளவுக்குச் சுத்தம். அத்தை முகம் கழுவிக்கொண்டு, “வாணதீர்த்தம் போற வழி மாதிரியே குளுகுளுன்னு கெடக்கு” என்றார். ஒரு மரப்பாலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் சாப்பிட்டோம். நாய் கூட்டிக்கொண்டு வந்த ஒரு தம்பதி வாசனை பிடித்து நின்று என்னவென்று கேட்டார்கள். கொடுத்தோம். அந்தப் பெரியவர் காய்ந்த மிளகாயைக் கடித்துவிட்டார். அதற்குப் பிறகு பேச்சு அதிகம் இல்லை.

ஏற்றம் அப்புறம்தான். கிண்ணத்தில் இறங்கினால் எந்தப் பக்கம் போனாலும் ஏறித்தான் ஆக வேண்டும். எங்களுக்கு வாய்த்த பாதை நேர்ச்செங்குத்து, நடுவில் வேர்கள், வேர்களுக்கு நடுவே சறுக்கு மணல். நாற்பது அடிக்கு ஒருதரம் நின்றோம். பாதி ஏறினதும் அத்தை ஒரு விழுந்த மரத்தில் உட்கார்ந்துவிட்டார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், “இதுக்குப் பேருதான் ஈஸியா?” என்று மட்டும் கேட்டார். வீட்டுக்காரர் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டார். அந்த ஒன்றரைக் கிலோமீட்டருக்கு எங்களுக்கு ஒரு மணி இருபது நிமிடம் ஆயிற்று. ‘இரண்டு மணி நேரம்’ என்று போட்டிருந்த சுற்றை, சாப்பாட்டைக் கழித்துவிட்டாலும், மூன்றே முக்கால் மணியில் முடித்தோம்.

என் கணக்கு இது: ‘சுலபம்’ என்று எழுதுகிறவர் முப்பது வயதுக்காரர், தனியாக நடக்கிறவர். தூரத்தைத்தான் பார்க்கிறார். ஏழெட்டுக் கிலோமீட்டரா, சரி சுலபம். பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் தூரத்தை விட்டுவிடுங்கள், மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்ற எண்ணைத் தேடுங்கள். ஐம்பதுக்குள் இருந்தால் கவலை இல்லை. நூறைத் தாண்டினால் நம் வீட்டு முழங்கால்களுக்கு அது மலைதான்.

மேலே வந்து டீ குடித்து அரைமணி நேரம் உட்கார்ந்த பிறகு, நேராக வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அத்தைதான், “இன்னொரு எடம் சொன்னியே, அதும் ஏத்தமா?” என்று கேட்டார். இல்லை, பலகை போட்டிருக்கிறது, தரையைவிட மட்டம் என்றேன். கிளம்பினோம்.

தர்ஸ்லி காரில் பத்து நிமிடம். கிராமத்துக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. புது டெல்லியைக் கட்டிய எட்வின் லட்யன்ஸ் சிறுவயதில் வளர்ந்த ஊர் இது. ஆனால் நாங்கள் ஊருக்குள் போகவில்லை. எல்ஸ்டெட் போகும் சாலையில் மோட் பாண்ட் என்ற குளத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நடந்தால், தேசிய இயற்கைக் காப்பிடம் அங்கேயே தொடங்குகிறது. மேலே பார்த்தது காய்ந்த ஹீத் என்றால் இது ஈர ஹீத், நடுவில் சதுப்பு. 2020 மே கடைசியில் இங்கே பெரிய தீப்பிடித்தது. ஹெதரோடு பலகைப் பாதையும் எரிந்துபோயிற்று. பிறகு புதிதாகப் போட்டிருக்கிறார்கள். கருகின பைன் மரங்கள் சில இன்னும் நிற்கின்றன, அடியில் செடிகள் பச்சையாக வந்துவிட்டன. அடுப்பு, சிகரெட் எதுவும் வேண்டாம் என்று அங்கங்கே எழுதியிருப்பதை வெறும் சம்பிரதாயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பலகை இரண்டு பேர் ஒட்டி நடக்கும் அகலம். இரண்டு பக்கமும் கறுப்புத் தண்ணீர், கோரை, பஞ்சுப் பாசி. தட்டான்கள் சொல்லி மாளாது. இருபதுக்கும் மேற்பட்ட வகை இங்கே இருக்கிறது. தீக்குச்சி அளவில் சிவப்பு ஒன்று பலகையிலேயே வந்து உட்கார்ந்து நாம் கால் வைக்கும்வரை நகராது. நீலமும் கறுப்புமாக விரல் நீளத்துக்கு ஒன்று குளத்துமேல் ரோந்து போகிறது. தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை என்று அத்தை வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். மழை வரவில்லை. ஹாபி என்ற சின்ன வல்லூறு ஒன்று மட்டும் பைன் மரத்துப் பக்கமிருந்து வந்தது. பறந்தபடியே ஒரு தட்டானைக் காலால் பிடித்து, காலை அலகுக்குக் கொண்டுபோய், பறந்தபடியே தின்றது. இறக்கை இரண்டு தனியாகச் சுழன்று தண்ணீரில் விழுந்தன. பையனுக்கு அன்றைய நாள் அதோடு பூர்த்தி.

எனக்குப் பிடித்தது வேறு. பலகை ஓரத்தில் குனிந்து பார்த்தால் பாசிமேல் ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்ன வட்ட இலைகள், சிவப்பாக. இலை முழுக்கக் குண்டூசி மாதிரி ரோமம், ஒவ்வொரு ரோமத்தின் நுனியிலும் ஒரு சொட்டு. பனித்துளி இல்லை, சாயங்காலம் நாலு மணி வெயில். பசை. ஒரு கொசு அளவுப் பூச்சி ஒட்டிக்கொண்டு ஒரு காலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. சுற்றியுள்ள ரோமங்கள் அதன் பக்கம் வளைந்திருந்தன. மண்ணில் சத்து இல்லாததால் பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்கிற செடி, இங்கே சன்டியூ என்பார்கள். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். “அழுகண்ணி மாதிரில்லா இருக்கு. எங்க தாத்தா மருந்துக்குத் தேடிட்டுப் போவாரு” என்றார். அவர் தன் கால் வலியை மறந்த நேரம் அது. நான் அங்கே பத்து நிமிடம் முட்டிபோட்டிருந்தேன். பின்னால் வந்தவர்கள் பொறுமையாகச் சுற்றிப் போனார்கள்.

இரண்டு மூன்று விஷயம் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். உண்ணி உண்டு. பெரணிப் புதரில் உரசினால் ஏறிக்கொள்ளும், லைம் நோய் அதனால்தான் வருகிறது. பேண்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்து குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பாருங்கள். வீட்டுக்காரர் கெண்டைக்காலில் எள் அளவு ஒன்று இருந்தது, இடுக்கியால் தலையோடு சேர்த்து எடுத்தோம். சேலைக்காரர்கள் ஓரத்தை நன்றாக உதறுங்கள். பாம்பும் இருக்கிறது. ஆடர் என்ற விரியன் ஜாதி, இந்த நாட்டின் ஒரே விஷப்பாம்பு. பாதையை விட்டு இறங்காதவரை அது உங்கள் கண்ணில் படுவதே அபூர்வம். எங்கள் கண்ணில் படவில்லை.

மார்ச்சிலிருந்து ஜூலை வரை போகிறவர்கள் நாயைக் கட்டித்தான் கூட்டிப்போக வேண்டும், தரையில் முட்டையிடும் பறவைகள் இருக்கின்றன. அதில் ஒன்று பக்கி. நம் ஊரில் சாயங்காலம் சாலையில் உட்கார்ந்திருந்து வண்டி வெளிச்சத்தில் எழும்பிப் பறக்குமே, அதன் சொந்தக்காரன். கோடைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. ஜூன் மாதம் பொழுது சாய்ந்தபிறகு தையல் மிஷின் ஓடுகிற மாதிரி விடாமல் சத்தம் கேட்கும் என்று மேலே டீக் கடையில் பேசிக்கொண்டிருந்தவர் சொன்னார். அதற்காக மட்டும் அடுத்த வருடம் ஒரு சாயங்காலம் போக வேண்டும்.

எப்போது போகலாம் என்று கேட்பவர்களுக்கு: ஊதா வேண்டுமென்றால் ஆகஸ்ட் நடுவிலிருந்து கடைசி வரை. தட்டானுக்கு ஜூனிலிருந்து ஆகஸ்ட், வெயில் உள்ள நாள். பள்ளத்துக்குள் மரம் பார்க்க அக்டோபர் கடைசி. குளிர்காலத்தில் நான் போனதில்லை.

இரவு அத்தை ஊருக்கு வீடியோ கால் போட்டுத் தன் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தார். மாலுமி கதை முழுசாக, கொலைகாரர்கள் மாட்டிக்கொண்டது வரை. அப்புறம் முடி வெட்டாத மாடு. அப்புறம், “ஒரு மலை முழுக்க வாரியலாப் பூத்துக் கெடக்குட்டி” என்றார். முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த என்னிடம் திரும்பி, எல மஞ்சளாகுற மாசம் எது என்று கேட்டார். அக்டோபர் என்றேன். நான் ஊருக்குப் போறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ போவோம் என்றார். “மேல மட்டும்.”